புதுப்பிப்பு: லக் ஒபரோன் கேள்விக்கு விடை

ஹட்டனில் என்னிடம் உயர்தர உயிரியல் படிக்கும் மாணவி கேட்டதைப் போன வாரம் இங்கே போட்டிருந்தேன். லக் ஒபரோன் என்பது ஈ. கோலை பற்றீரியாவில் இலக்ரோசு எனும் பாற்சீனியைப் பயன்படுத்த உதவும் பரம்பரையலகுத் தொகுதி; சீனி இல்லாதபோது அடக்கிப் புரதம் அதில் ஒட்டி நிறுத்திவைக்கும், சீனி வந்தால் விட்டுவிடும். ஆனால் இலக்ரோசு இல்லாமலே ஓர் ஈ. கோலை விகாரி (பரம்பரையலகு மாறிய வகை) அந்தச் சீனியை உடைக்கும் பீட்டா-கலக்ரோசிடேசு நொதியத்தை ஓயாமல் உருவாக்குகிறது; பழுது அடக்கிப் புரதத்தின் பரம்பரையலகிலா, அது ஒட்டும் டி.என்.ஏ. இடமான ஒப்பரேட்டரிலா, எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. பிரெஞ்சு உயிரியலாளர்கள் ஜேக்கப்பும் மோனோவும் காட்டிய வழிதான்: எஃப் பிளாஸ்மிட்டில் (பற்றீரியாக்களிடையே கடத்தப்படும் வட்ட டி.என்.ஏ.) லக் ஒபரோனும் அடக்கிப் பரம்பரையலகும் சேர்ந்த, பழுதில்லாத இரண்டாவது பிரதியைக் கலத்துக்குள் புகுத்த வேண்டும். பழுது அடக்கியில் என்றால், புதுப் பிரதியின் நல்ல அடக்கி கலம் முழுக்கப் பரவி இரண்டு பிரதிகளையும் நிறுத்திவிடும். எக்ஸ்-கல் (இந்த நொதியம் உடைத்தால் நீலம் தரும் பொருள்) கலந்த தட்டில் நீலமாக வளர்ந்த குடித்தொகுதி இப்போது வெள்ளையாக வளரும். ஒப்பரேட்டரில் என்றால் நீலம் போகாது. அந்தப் பழுது தன்னோடு ஒரே டி.என்.ஏ.யில் இருப்பதை மட்டுமே ஆளுகிறது. 1961இல் வெளியான அவர்களுடைய கட்டுரையின் அழகே இந்த வேறுபாடுதான் என்பேன்.

ஒருவர் சொன்ன இன்னொரு விகாரம் என்னை அசத்திவிட்டது: அடக்கிப் பரம்பரையலகின் முன்னூக்கியில் (பரம்பரையலகை வாசிக்கத் தொடங்கும் இடம்) ஒரே ஒரு மூலம், அதாவது ஒரு டி.என்.ஏ. எழுத்து, மாறியதால் அடக்கியின் அளவு ஏறத்தாழ 10 மடங்கு கூடுகிறது. புரதத்தில் ஓர் அமினோ அமிலம்கூட மாறவில்லை, அளவு மட்டுமே!

எல்லாவற்றையும் கரும்பலகையில் வரைந்தேன். உடனே அடுத்த கேள்வி: "சேர், சீனி வந்தாலும் விடாத அடக்கியும் பழுதான ஒப்பரேட்டரும் ஒரே கலத்தில் இருந்தால்?" நொதியம் உருவாகும். ஒட்ட இடமில்லாத அடக்கியால் எதையும் தடுக்க முடியாது.