புதுப்பிப்பு: ஹேர்டில் ‘பாத்_மாக்ஸ்’ வழு தீர்ந்தது

டெபியன் இயங்குதளத்தில் லினக்ஸ் கருனிமேல் ஒழுங்காகத் தொகுபடும் (compile) ஒரு சிறிய அகராதிப் பொதி, லினக்ஸ் கருனிக்கு மாற்றாகக் குனு திட்டம் உருவாக்கும் ஹேர்டில் மட்டும் ‘பாத்_மாக்ஸ் அறிவிக்கப்படவில்லை’ என்று நின்றுவிடுவதாகவும், என்ன செய்யலாம் என்றும் சென்ற மாதம் கேட்டிருந்தேன். ‘பாத்_மாக்ஸ்’ (PATH_MAX) என்பது கோப்புப் பாதையின் உச்ச நீளத்தைக் குறிக்கும் மாறிலி. பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பொதி இப்போது ஓடுகிறது.

கைகொடுத்தது, பதில் எழுதியவர்களில் கொக்குவில் அண்ணா சொன்ன வழி. பாதையை வைக்கும் நிலையான அளவுள்ள வரிசையை நீக்கிவிட்டு, கோப்பின் முழுப் பாதையைத் தரும் ‘ரியல்பாத்’ செயற்கூற்றின் இரண்டாம் உள்ளீடாக ‘நல்’ (NULL, வெற்றுச் சுட்டி) கொடுத்தேன். தேவையான நினைவகத்தை அதுவே ஒதுக்கிக்கொள்கிறது. வேலை முடிந்ததும் அந்த நினைவகத்தை ‘ஃப்ரீ’ செய்து விடுவிக்க மறக்காதீர்கள். யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான 2008ஆம் ஆண்டின் போசிக்ஸ் தரம் இதை அனுமதிக்கிறது. ‘பாத்_மாக்ஸ்’ மதிப்பை 4096 என்று கையால் வரையறுத்தாலும் தொகுபடும்தான். ஆனால், கோப்புப் பாதையின் நீளத்துக்கு வரம்பே வைக்காத ஹேர்டில் நாமே ஒரு வரம்பைத் திணிப்பது சரியென்று எனக்குப் படவில்லை.

எதிர்பாராதது அதன் பிறகுதான் வந்தது. தொகுத்தல் முடிந்தும் ஒரு சோதனை தோற்றது. இல்லாத கோப்பைத் திறந்தால் நிரல் அதைப் புரியாத பிழையாக எண்ணி வெளியேறியது. இரண்டு இரவுகள் தேடினேன். கடைசிப் பிழையின் எண்ணைத் தரும் ‘எர்நோ’ (errno) மதிப்பை 16 பிட் மாறியில் சேமித்திருந்தார்கள். ‘கோப்பு இல்லை’ என்னும் பிழையைக் குறிக்கும் ‘ஈநோஎன்ட்’ (ENOENT) லினக்ஸில் 2, ஹேர்டிலோ 1073741826. மேற்பிட்டுகள் வெட்டுப்பட்டு 2 மட்டும் மிஞ்ச, ஒப்பீடு பொய்த்துவிட்டது. மாறியை 32 பிட் ‘இன்ட்’ ஆக்கியதும் எல்லாச் சோதனைகளும் தேறின, லினக்ஸிலும்கூட.

இரண்டு திருத்தங்களையும் தனித்தனியாக மூல ஆசிரியருக்கு அனுப்பிவிட்டேன்.