மறு: பறக்கும் தட்டுக்கு முன்னால் சுடும் அளவு – ‘முன்னிலை’ வேண்டாம், ‘முந்தளவு’?

நண்பர்களுக்கு வணக்கம்.

துப்பாக்கிச் சுடும் போட்டியில், எறியப்பட்டுப் பறக்கும் சிறு தட்டை உடைக்க அதற்கு எவ்வளவு முன்னால் சுட வேண்டும் என்ற அளவை ஆங்கிலத்தில் ‘லீட்’ (lead) என்பார்கள். அதற்குத் தமிழில் ‘முன்னிலை’ போதும் என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு ஒப்புதல் இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், இப்படித் தட்டுகளைச் சுடும் ‘ட்ராப்’ போட்டியில் புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் சுட்டதைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது அந்தச் சொல்லைத்தான் நானும் முதலில் போட்டேன். இரண்டாம் பத்தியிலேயே இடித்தது. “முன்னிலையில் இருப்பவர் முன்னிலையைக் குறைத்துச் சுட்டார்” என்றால் யாருக்குப் புரியும்? இலக்கணத்து முன்னிலை வேறு இருக்கிறது.

‘முன்குறி’யும் சரிவராது. குழல் நுனியில் இருக்கும் சின்ன மணியைத்தான் அது நினைவூட்டும். இன்னொரு சங்கடம், ஆங்கிலத்தில் ஈயத்துக்கும் இதற்கும் எழுத்து ஒன்றே. தோட்டாவிலிருந்து சிதறும் சின்னக் குண்டுகளான ரவைகளும் பெரும்பாலும் ஈயம்தான் என்பதால், அகராதியைப் பார்த்து மொழிபெயர்ப்பவர் ‘தட்டுக்கு முன் ஈயம் கொடு’ என்று எழுதிவிடுவார். அதனால் நல்ல சொல் ஒன்று உடனே தேவை.

சொல்லை முடிவு செய்யுமுன் பொருளைப் பார்த்துவிடலாம். இன்னொரு தட்டுப் போட்டியான ‘ஸ்கீட்’ களத்தில், வில்போல் வளைந்த வரிசையில் உள்ள சுடுமிடங்களில் நடுவில் இருக்கும் நான்காம் நிலையில் நிற்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டுகளை எறியும் இரண்டு கூண்டுகளிலிருந்தும் வருபவை நமக்கு 19.2 மீட்டர் முன்னால், ஏறக்குறைய நேர்க்குறுக்காகக் கடக்கின்றன. தட்டின் அகலம் வெறும் 11 சென்டிமீட்டர். அங்கே அதன் வேகம் நொடிக்கு 20 மீட்டர் என்று கொள்வோம். நொடிக்கு 400 மீட்டரில் கிளம்பும் ரவை காற்றில் வேகமிழந்து அங்கே போய்ச்சேர ஏறக்குறைய 0.06 நொடி ஆகும். அதற்குள் தட்டு 1.2 மீட்டர் நகர்ந்துவிடும். தட்டைப் பார்த்துச் சுட்டால் ரவை வெறும் காற்றில்தான் போகும். நாலடி முன்னால் சுட வேண்டும்.

தூரத்தை 40 மீட்டராக்கினால் நாலடி எட்டடி ஆகும் என்றுதான் தோன்றும். ஆனால் அது ஒன்பதடியைத் தாண்டும். ரவை சிறியது, எடை குறைவு, அதனால் போகப்போகத் தளர்ந்துவிடும். இரண்டாவது 20 மீட்டரைக் கடக்க முதல் 20 மீட்டரைவிடக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும். மொத்தம் 0.14 நொடி வரை ஆகிவிடும். வேகமான தோட்டா வாங்கினால் தீருமா? 400-ஐ 425 ஆக்கினால் நான்காம் நிலையில் மிச்சமாவது ஆறேழு சென்டிமீட்டர், தட்டின் அகலம்கூட இல்லை. தூரத்தைத் தப்பாக மதிப்பிட்டால் வரும் பிழை இதைவிடப் பல மடங்கு. கோணமும் உண்டு. நேராக விலகிப் போகும் தட்டுக்குப் பக்கவாட்டில் இடைவெளி எதுவும் விட வேண்டாம், 30 பாகையில் விலகினால் நேர்க்குறுக்காகப் போகும் தட்டுக்கு விடுவதில் பாதி போதும்.

ஆக, இது ஒரு நிலை இல்லை, ஒவ்வொரு தட்டுக்கும் மாறுகிற அளவு. அதனால்தான் ‘முந்தளவு’ என்கிறேன். முந்து + அளவு. செயலைச் சொல்ல ‘முந்திச் சுடு’ இருக்கவே இருக்கிறது. ‘முந்தல்’ என்றே வைக்கலாமே என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். அது ஊர்ப்பெயராகவும் வழங்குகிறது, அளவு என்ற பொருளும் அதில் இல்லை.

கூட்டுச்சொல்லில் வைத்தும் பார்த்துவிட்டேன். ஒரே தட்டை உடைத்த இருவரில் ஒருவர் “நாலடி விட்டேன்” என்பார், மற்றவர் “குழல் தட்டைத் தொட்டதுமே சுட்டேன்” என்பார். இருவர் சொல்வதும் உண்மை. பின்னாலிருந்து குழலை வேகமாக இழுத்து வருபவருக்கு, சுட நினைத்த கணத்துக்கும் ரவை வெளியேறும் கணத்துக்கும் நடுவில் குழலே முன்னால் ஓடிவிடுகிறது. கண்ணுக்கு இடைவெளி தெரிவதில்லை. முதலாவதை ‘மெய் முந்தளவு’ என்றும் இரண்டாவதை ‘தோற்ற முந்தளவு’ என்றும் சொல்லலாம். ‘மெய் முன்னிலை, தோற்ற முன்னிலை’ என்று சொல்லிப் பாருங்கள், வேறெதையோ பேசுவதுபோல் இருக்கும்.

அப்புறம், இந்தத் தட்டைக் ‘களிமண் தட்டு’ (clay target) என்று சொல்வதைப் பற்றி. இன்றைய தட்டில் களிமண் கிடையாது, சுண்ணாம்புக்கல் பொடியும் நிலக்கீல் போன்ற பிசினும்தான். வெறும் ‘தட்டு’ போதும் என்பது என் கருத்து. ரவைக்கு ‘பால்ரஸ்’ என்ற பேச்சுச் சொல்லும் இருக்கிறது, ஆனால் ‘ரவை’ பழைய சொல், சின்னது, அதையே வைத்துக்கொள்வோம். வெடித்ததும் விரிந்து போகும் மொத்தக் கூட்டத்துக்கு ‘ரவைப்பரவல்’ என்று எழுதி வருகிறேன். இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.