வயலில் விளைந்த மீன் எண்ணெய்: நேரில் பார்த்தவர்கள் சொல்வது

ஹார்ப்பென்டன், இங்கிலாந்து

கடுகு மாதிரி ஒரு செடியிலிருந்து மீன் எண்ணெய் எடுக்கிறார்களாமே, உண்மையா என்று போன கிழமை ஒருவர் கேட்டிருந்தார். உண்மைதான். 2014 கோடையில் அந்தச் செடி நின்ற வயலில் நான் கூலிக்கு வேலை செய்தேன். நான் விஞ்ஞானி இல்லை. யாழ்ப்பாணத்தில் அப்பாவோடு வெங்காயமும் புகையிலையும் செய்து பழகியவன். ஒரு தோட்டக்காரனின் கண்ணில் பட்டதை எழுதுகிறேன். வேறு நாடுகளில் இதைப் பார்த்தவர்கள் தொடர்ந்து எழுதுங்கள்.

இங்குள்ள ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் 1843 முதல் வயல் சோதனைகள் நடக்கின்றன. பிராட்பாக் என்ற கோதுமை வயலில் அந்த வருடம் தொடங்கிய சோதனை இன்னும் ஓடுகிறது. அப்படிப்பட்ட மண்ணில்தான் காமெலினா என்ற அந்தச் செடியை விதைத்தார்கள். அதுவும் கடுகுக் குடும்பம்தான். வெளிர் மஞ்சளில் நாலு இதழ்ப் பூ, பேரிக்காய் வடிவில் சின்னக் காய். விதை குரக்கனிலும், அதாவது கேழ்வரகிலும், சிறியது. ஆயிரம் விதையை நிறுத்தால் ஒரு கிராம் அளவுதான் வரும். கிட்டத்தட்ட மூன்று மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடும்.

ஏன் மினக்கெட்டு இந்த வேலை என்பதை ஒரு தேநீர் வேளையில் அங்கிருந்த ஆராய்ச்சி மாணவி விளங்கப்படுத்தினார். நாங்கள் மீனுக்கென்றே சொல்லும் ஒமேகா-3, அதாவது இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற இரண்டு கொழுப்பமிலங்களும், பெரும்பாலும் மீன் தானாக உண்டாக்குவது இல்லை. கடலில் மிதக்கும் நுண்பாசிகள் உண்டாக்குகின்றன; அவற்றைத் தின்னும் சின்ன உயிர்கள் வழியாக மீனுக்குப் போகிறது. காமெலினா எண்ணெயில் ஆளிவிதையில் இருக்கிற மாதிரியான குட்டை ஒமேகா-3 ஏற்கெனவே மூன்றில் ஒரு பங்கு உண்டு. அதன் கரிமச் சங்கிலியைப் படிப்படியாக நீட்டி, இடையிடையே இரட்டைப் பிணைப்பு போட்டால் கடல் ஒமேகா-3 ஆகிவிடும். அந்த நிலையத்து விஞ்ஞானி ஜோனதன் நேப்பியரின் குழு அதற்காக ஏழு மரபணுக்களைச் செடிக்குள் வைத்தது. சில நுண்பாசிகளிலிருந்து வந்தவை, ஒன்று தரையில் படரும் பாசிச்செடியிலிருந்து வந்தது. ஒன்று உருளைக்கிழங்குக் கருகல் நோயை உண்டாக்கும் உயிரியிலிருந்து! அயர்லாந்தைப் பட்டினி போட்ட அந்த நோய்தான். அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு கூசியது. நோயைத் தரும் பகுதி எதுவும் இல்லை, ஒரு நொதிக்கான குறிப்பு மட்டும்தான் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். அந்தப் பொறுமைக்காக இன்றும் அவரை நினைக்கிறேன்.

கண்ணாடிக் கூடத்தில் வளர்த்த செடிகளின் விதை எண்ணெயில் இ.பி.ஏ. 12 சதவீதம் வரைக்கும், டி.எச்.ஏ. 14 சதவீதம் வரைக்கும் வந்திருந்தது. மீன் எண்ணெயோடு பக்கத்தில் வைக்கலாம். ஆனால் கண்ணாடிக் கூடம் என்பது தொட்டில். அங்கே காற்று அடிக்காது, புறா இறங்காது. வெளியே போட்டால் என்ன ஆகும்? அந்தக் கேள்விக்காகத்தான் 2014 ஏப்ரலில் அரசாங்கத்தின் அனுமதி வாங்கி விதைத்தார்கள்.

2012இல் இதே இடத்தில் மரபணு மாற்றிய கோதுமைச் சோதனைக்கு எதிராகப் பெரிய ஆர்ப்பாட்டம் நடந்திருந்தது. அதனால் வேலி, காவல் எல்லாம் உண்டு. எங்கள் வேலையில் பாதி, வயலுக்குள் போவதும் வருவதும்தான். வெளியே வரும்போது சப்பாத்தின் அடியைத் தட்டித் துடைக்க வேண்டும், காற்சட்டை மடிப்பை உதற வேண்டும். முதல் நாள் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு முறை மடிப்பை உதறியபோது ஆறேழு விதைகள் தாளில் விழுந்தன. குரக்கனிலும் சிறிய மணிகள். அன்றிலிருந்து ஒருவரும் சொல்லாமலே உதறினேன்.

செடிகள் எப்படி நின்றன? பக்கத்துப் பாத்தியில் மாற்றாத காமெலினா. அதையும் இதையும் கண்ணால் பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. ஒரே உயரம், ஒரே நாளில் பூ. விளைச்சலும் குறையவில்லை, எண்ணெயில் ஒமேகா-3யும் வந்தது என்று அடுத்த வருடம் கட்டுரையாக வெளியிட்டார்கள். பிறகு அமெரிக்காவிலும் கனடாவிலும் விதைத்துப் பார்த்தார்கள்.

ஹார்ஷம் பக்கம், விக்டோரியா, ஆஸ்திரேலியா

வணக்கம் அண்ணா. படிக்கும்போதே கை பரபரத்தது. நான் தஞ்சாவூர்க்காரன், பி.எஸ்ஸி. வேளாண்மை முடித்துவிட்டு இங்கே வந்து பத்து வருடம் ஆகிறது. கதிரடிக்கிற வண்டி ஓட்டுகிறேன், விதை நிறுவனங்களின் சோதனைப் பாத்திகளுக்கும் ஒப்பந்தத்தில் போவேன்.

நீங்கள் காமெலினாவைப் பார்த்தீர்கள். இங்கே அதே வேலையைக் கனோலாவில் செய்தார்கள், அதுவும் கடுகுக் குடும்பத்து எண்ணெய்வித்துப் பயிர்தான். அரசு ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ., தானிய ஆராய்ச்சிக் கழகமான ஜி.ஆர்.டி.சி., விதை நிறுவனமான நூசீட் மூன்றும் சேர்ந்து. இதிலும் ஏழு மரபணுக்கள். ஈஸ்ட்டிலிருந்தும் கடல் நுண்பாசியிலிருந்தும் எடுத்தவை. டி.எச்.ஏ.தான் இதில் முக்கியம். 2018 பிப்ரவரியில் ஆஸ்திரேலிய அரசு வணிகப் பயிராக விதைக்க உரிமம் கொடுத்தது, அதே வருடம் அமெரிக்காவும் கொடுத்தது. ஒரு ஹெக்டேர் கனோலா 10,000 கிலோ கடல் மீனில் கிடைக்கிற அளவு ஒமேகா-3 தரும் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. நான் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவன் இல்லை.

நான் சொல்ல வந்தது வேறு. கனோலாவை ஏப்ரல், மே மாதத்தில் விதைப்போம், நவம்பரில் அறுப்போம். நடுவில் பூவும் காயுமாக நிற்கிற நேரத்தில்தான் உறைபனி வரும். ஒரு வருடம் நான் பார்த்துக்கொண்டிருந்த பாத்திகளில் ஒரே இரவில் காய்களுக்குள் இருந்த பிஞ்சு விதைகள் சுருங்கிப்போயின. வெளியே காய் பச்சையாகவே இருக்கும், நகத்தால் கீறினால் உள்ளே தண்ணீர். அது சாதாரண ரகச் சோதனைதான். ஆனால் விதையில் என்ன அதிசயத்தை வைத்தாலும் பனிக்கு அது தெரியாது. ஒரு பயிரைப் பல ஊரில், பல பருவத்தில் வைத்துப் பார்க்காமல் விவசாயி கையில் கொடுக்கக் கூடாது என்று அன்றைக்கு வயலிலேயே நின்று நினைத்தேன்.

இன்னொன்று, கலப்படம். இந்த எண்ணெய் சாதாரண கனோலாவோடு கலந்தால் இரண்டு பக்கமும் நஷ்டம். நீளமான ஒமேகா-3 சீக்கிரம் காற்றுப் பட்டுச் சிக்கடிக்கும், பொரிக்கிற எண்ணெய்க்கு அது ஆகாது. அந்தப் பக்கம் இந்த எண்ணெயை வாங்கும் மீன் தீவனக்காரருக்கோ டி.எச்.ஏ. சதவீதம் குறைந்துவிடும். அதனால் விதைப் பையிலிருந்து எண்ணெய் ஆலை வரை தனியாகவே போக வேண்டும். ஒரு வகையை அறுத்து அடுத்ததற்குப் போகும்முன் வண்டியைச் சுத்தம் செய்ய அரை நாள் ஆகும். கம்ப்ரஸர் காற்றை அடித்துக்கொண்டே இருப்போம், முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது எங்கிருந்தோ ஒரு பிடி விதை கொட்டும்.

பக்கத்து வயல்காரர், வெள்ளைக்காரப் பெரியவர், வேலியோரம் வந்து கேட்பார்: "உன் மகரந்தம் என் பக்கம் வருமா?" வரும் ஐயா. கனோலா மகரந்தம் தேனீயோடும் காற்றோடும் போகும். அதனால்தான் இடைவெளி விட்டு விதைக்கிறோம், எவ்வளவு விட்டிருக்கிறோம் என்று நடந்துபோய்க் காட்டினேன். வராது என்று பொய் சொல்லியிருந்தால் அவர் மறுபடி என்னிடம் பேசியிருக்க மாட்டார்.

தாஸ்மேனியாவில் சால்மன் பண்ணைகள் நிறைய. ஆனால் அந்த மாநிலத்தில் மரபணு மாற்றிய பயிரை விதைக்கத் தடை, 2029 வரை. மீனுக்குப் பக்கத்திலேயே பயிர் வைக்க முடியாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

ஸ்டர்லிங், ஸ்காட்லாந்து

நான் மீன் பக்கம். சொந்த ஊர் தூத்துக்குடி, இங்கே மீன் தீவனச் சோதனைகளில் தொழில்நுட்ப உதவியாளராக இருந்தேன். ஊரில் சாளை மீன் வந்து குவிகிற நாளில் வீட்டுக்குப் போவது கொஞ்சம், மீன்மாவு ஆலைக்குப் போவது கொஞ்சம் என்று பார்த்து வளர்ந்தவள். நாம் தின்கிற மீனை இன்னொரு மீனுக்குப் போடுகிறார்களே என்று பாட்டி புலம்புவார். அந்தக் கேள்விதான் என்னை இந்தத் துறைக்குக் கொண்டுவந்தது.

உலகம் முழுக்க வருடத்துக்கு ஏறக்குறைய 10 லட்சம் டன் மீன் எண்ணெய்தான் கிடைக்கிறது. கடல் அதற்கு மேல் தராது. மீன் வளர்ப்போ கூடிக்கொண்டே போகிறது. அதனால் தீவனத்தில் சாதாரண கனோலா எண்ணெய், சோயா என்று கலந்தார்கள். நார்வே சால்மன் தீவனத்தில் 1990இல் 90 சதவீதம் கடலிலிருந்து வந்த பொருள். 2013இல் அது சுமார் 30. கடலுக்கு நல்லதுதான். ஆனால் அதற்கான விலையை எங்கே கொடுத்தோம் தெரியுமா? ஸ்காட்லாந்து சால்மனின் இ.பி.ஏ., டி.எச்.ஏ. அளவு 2006க்கும் 2015க்கும் இடையில் பாதியாகிவிட்டது. இதை அளந்து சொன்னது ஸ்டர்லிங் பல்கலைக்கழகம்தான். 2023இல் பெரு நாடு எல் நினோவால் முதல் நெத்திலிப் பருவத்தையே ரத்து செய்தபோது மீன் எண்ணெய் விலை எப்படி ஏறியது என்பதைத் தீவனக்காரர்கள் மறக்க மாட்டார்கள்.

ரோதம்ஸ்டெட்டின் காமெலினா எண்ணெயைச் சால்மனுக்குக் கொடுத்துப் பார்த்த முதல் முடிவுகள் 2015இல் வெளியாயின. மீன் நன்றாக வளர்ந்தது, சதையில் ஒமேகா-3 சேர்ந்தது. அண்ணன் உதறிய அந்த விதைகளின் கூட்டாளிகள்தான் எங்கள் தொட்டிக்கு வந்தார்கள் என்று நினைக்கும்போது மனசுக்கு என்னவோ செய்கிறது.

என் அனுபவத்தில் மீனுக்கு உணவு போடுவது கோயிலில் விளக்கேற்றுவது மாதிரி, தவறவே கூடாது. போட்டதை எல்லாம் தின்றதா என்று அடியில் தங்கிய குருணையை எடுத்து எண்ணுவோம். புது எண்ணெய் பூசிய தீவனம் முதல் தடவை போகும்போது தண்ணீருக்கு மேல் குனிந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மீன் முகர்ந்து துப்பிவிட்டால் அத்தனை பேர் உழைப்பும் போச்சு. பட்டென்று தண்ணீர் கொதித்த மாதிரி எழும்பி வந்து தின்றன. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

கோபிச்செட்டிப்பாளையம்

நான் இயற்கை விவசாயம் செய்கிறவன். எதிர்க்க வரவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். இந்த ஒமேகா-3 கொழுப்பைத் தின்ற பட்டாம்பூச்சிப் புழுக்களுக்கு இறக்கை கோணலாக வந்ததாக ஒரு ஆய்வு உண்டு என்கிறார்களே? நம் நாட்டில் டி.எம்.எச்-11 என்ற மரபணு மாற்றிய கடுகுக்கே 2022இல் அனுமதி கொடுத்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2024இல் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். எங்களுக்குப் பயம் வருவது நியாயம்தானே?

ஹார்ப்பென்டன், இங்கிலாந்து

ஐயா, நியாயம்தான். நீங்கள் கேட்டது நல்லது.

அந்த ஆய்வு உண்மை, 2016இல் வந்தது. முட்டைக்கோஸ் வெள்ளைப் பட்டாம்பூச்சியின் புழுவுக்கு இ.பி.ஏ., டி.எச்.ஏ. கலந்த செயற்கை உணவு கொடுத்தார்கள். வளர்ந்த பூச்சிகளின் எடை கூடியது, சிலவற்றின் இறக்கை கோணியது. செடியைக் கொடுத்துப் பார்த்த சோதனை அல்ல அது. காமெலினாவில் இந்த மரபணுக்கள் விதையில் மட்டும் வேலை செய்யும்படி வைத்திருக்கிறார்கள். புழு தின்பது பெரும்பாலும் இலையை. ஆனாலும் விதை தின்னும் பூச்சி உண்டு, எலி உண்டு, பறவை உண்டு. தரையில் வாழும் உயிர்களுக்கு இந்தக் கொழுப்பு பழக்கமில்லாதது. அதைத் தொடர்ந்து பார்க்கத்தான் வேண்டும், "ஒன்றும் ஆகாது" என்று கையை உதறிவிட்டுப் போகிற விசயம் இல்லை. நான் இந்தப் பயிரை நம்புகிறேன், கடலில் மிச்சமிருக்கும் சின்ன மீன்களுக்காகவே நம்புகிறேன். நம்புகிறபடியால்தான் உங்கள் கேள்வியும் இருக்க வேண்டும் என்கிறேன்.

காமெலினா பெரும்பாலும் தன் மகரந்தத்தையே எடுத்துக்கொள்ளும். விக்டோரியாத் தம்பி சொன்ன கனோலாவை விட அந்த வகையில் அடக்கமானது. ஆனால் அறுக்கும்போது விதை கொட்டும், அதைத் தடுக்க முடியாது. அதனால் அறுவடையோடு எங்கள் வேலை முடியவில்லை. அடுத்த பருவத்தில் அந்த மண்ணைத் தரிசாக விட்டு, மேலாகக் கிளறி, முளைக்க விட்டார்கள். ஒரு மழைக்குப் பிறகு பார்த்தால் தரை முழுக்கப் பச்சைப் புள்ளி. குனிந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எண்ணி, தாளில் குறித்தோம். வெங்காயப் பாத்தியில் களை பிடுங்கிய கைக்கு அது புதிதில்லை. முதல் நாள் நிறைய. அடுத்தடுத்த கிழமைகளில் குறைந்துகொண்டே வந்தது. ஒன்றும் இல்லை என்று எழுதின நாளிலும் மேற்பார்வையாளர் இன்னொரு முறை நடந்து பார்க்கச் சொன்னார். நடந்தோம், வேலியோரத்தில் ஒன்று நின்றது.