மோரிஸ் மைனர் காருக்குத் தெர்மோஸ்டாட் வேண்டாம் என்று யார் சொன்னது?

லபுக்கலை_மைனர்:
நேற்று இன்னொரு திரியில் ஹட்டன்_கராஜ் எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. "மைனரையோ ஆஸ்டின் ஏ40 காரையோ நுவரெலியாவுக்கு ஏற்றுவதென்றால் முதலில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுங்கள். அது வெள்ளைக்காரன் ஊர்க் குளிருக்குச் செய்த சாமான், நமக்குத் தேவையில்லை" என்று எழுதியிருக்கிறார். அதற்கு ஆளாளுக்கு ஆமாம் போட்டிருக்கிறார்கள்.

நமக்குத் தேவையில்லையா? எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கிற வால்வு அது. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் நுவரெலியாவில் புல் மேல் உறைபனி கிடக்கிறது. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் அந்தக் குளிரில் சூடேற எவ்வளவு நேரம் எடுக்கும் என்று இங்கே கார் வைத்திருக்கிற யாரையும் கேளுங்கள். பெட்ரோலைக் கூட்டிவிடுகிற சோக்கை இழுத்தபடியே ஓட வேண்டும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெயைக் கழுவிவிடும். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் துளையும் தேயும். எஞ்சின் மேலே உள்ள ராக்கர் மூடியைத் திறந்தால் உள்ளே மஞ்சள் கசடு ஒட்டியிருக்கும். எஞ்சின் போதிய சூட்டில் ஓடாததால் எண்ணெயில் தங்கிவிட்ட ஈரம் அது. தெர்மோஸ்டாட் 82 பாகை செல்சியஸில் திறக்கிறது. வெக்கையான இடங்களுக்கு 74இல் திறப்பதும் இருக்கிறது. திறந்த பிறகு வழிவிட்டு நிற்கிறதே தவிர, தண்ணீரைச் சூடாக்குவது அதன் வேலை அல்ல. மேட்டில் கார் கொதிப்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

ஹட்டன்_கராஜ்:
என்ன சம்பந்தம் என்று மேட்டில் பொனட்டைத் திறந்துவைத்து நிற்கிறவர்களைக் கேளுங்கள் அண்ணே. ஏப்ரல் சீசனுக்குக் கொழும்பிலிருந்து வருகிற பழைய கார்கள் கினிகத்தேனை ஏற்றத்தில் நின்றுவிட்டால் எங்களைத்தான் கூப்பிடுகிறார்கள். திறந்து பார்த்தால் தெர்மோஸ்டாட் மூடியபடி இறுகிக் கிடக்கும். கழற்றி வீசிவிட்டுத் தண்ணீர் ஊற்றி அனுப்புகிறோம். நுவரெலியா போய்ச் சேருகிறார்கள். என் அப்பா துரைமாருடைய கார்களுக்கு வேலை செய்தவர், அவரும் இதைத்தான் செய்தார். நீங்கள் புத்தகம் படிக்கிறீர்கள், நாங்கள் கார் திருத்துகிறோம்.

கொட்டகலை48:
லபுக்கலை அண்ணன் சொல்வதுதான் சரி. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீர் ரேடியேட்டருக்குள் மிக வேகமாக ஓடிவிடும், ஆற நேரம் கிடைக்காது. அதனால்தான் கழற்றிய கார் இன்னும் கூடக் கொதிக்கிறது.

லபுக்கலை_மைனர்:
தம்பி, என் பக்கம் நின்று தப்பான காரணம் சொல்லாதீர்கள். தண்ணீர் ஒரே சுற்றில் ஓடுகிறது. ரேடியேட்டரில் நிற்கும் நேரம் குறைந்தால் எஞ்சினுக்குள் நிற்கும் நேரமும் அதே அளவுக்குக் குறையும். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் குறைவாக ஆறும், ஆனால் நிமிடத்துக்குக் கூடுதல் சுற்று வரும். ரேடியேட்டர் மேலிருந்து கீழ்வரை சூடாக இருக்கும், காற்றுக்குப் போகிற வெப்பம் கூடுமே தவிரக் குறையாது.

கழற்றுவதில் கெடுதல் வேறு இடத்தில் இருக்கிறது. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் கீழ்ப்பாகம் பைபாஸ் வழியை அடைக்கும். அதைக் கழற்றினால் பைபாஸ் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் நேராக எஞ்சினுக்குத் திரும்பும். பந்தயக்காரர்கள் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் அந்த இடத்தில் வெறும் வளையம் ஒன்றைப் போடுகிறார்களே, எதற்காக?

கொட்டகலை48:
ஆதரவாகப் பேச வந்தவனுக்கு இதுதான் மரியாதையா? வேகமாக ஓடினால் ஆறாது. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஹட்டன்_கராஜ்:
பாருங்கள், ஒரே கட்சிக்குள்ளேயே இரண்டு பேரும் ஒத்துப்போகவில்லை. கழற்றினால் ஓடுகிறது. அவ்வளவுதான் என் விஷயம்.

பதுளை_சேர்:
ஒரு நிமிடம். கார் "சூடாகிறது" என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். வெப்பமானி முள் ஏறுகிறதா, இல்லை ரேடியேட்டரில் ஆவி அடிக்கிறதா? இரண்டும் ஒன்றல்ல. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகையை ஒட்டியே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி 4 பி.எஸ்.ஐ (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) அழுத்தத்தைப் பிடித்தால் அதே இடத்தில் 102 வரை தாங்கும். 7 பி.எஸ்.ஐ மூடி என்றால் 107 வரை. மூடியின் ரப்பர் போய்விட்டால் மறுபடி 94தான். கொழும்பில் 96 பாகையில் அமைதியாக ஓடிய கார், அதே முள் நிலையில் லபுக்கலையில் ஆவி அடிக்கும். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்தால் நல்லது.

ஹட்டன்_கராஜ்:
சேர், வகுப்பைப் பிறகு வைத்துக்கொள்வோம். தெர்மோஸ்டாட்டைப் பற்றிக் கேட்டால் தெர்மோஸ்டாட்டைப் பற்றிச் சொல்லுங்கள்.

யாழ்_ஏ40:
உங்களுடைய சண்டையைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது. 1990களில் எங்களுக்குப் பெட்ரோல் தடை. யாழ்ப்பாணத்தில் ஏ40 எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடியது. கொஞ்சம் பெட்ரோலை விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினோம். தெர்மோஸ்டாட் இருந்த காரும் இல்லை, தேடினவரும் இல்லை. கல்யாண வீடு, ஆஸ்பத்திரி எல்லாம் அதில்தான் போனோம். எந்த எஞ்சினும் செத்துப்போகவில்லை.

லபுக்கலை_மைனர்:
அண்ணை, அந்தக் காலத்தில் நீங்கள் அந்தக் கார்களை ஓடவைத்ததற்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் உங்கள் உதாரணம் எனக்குத்தான் சாட்சி. மண்ணெண்ணெய் பெட்ரோலைப் போலச் சுலபமாக ஆவியாகாது, அதற்கு எஞ்சின் நல்ல சூடாக இருக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் அது எரியாமல் ரிங் வழியாக இறங்கி எஞ்சின் அடியில் உள்ள சம்ப்பின் எண்ணெயோடு கலந்து அதை நீர்க்கவைக்கும். அந்த வகை எரிபொருளில் ஓடிய பழைய ட்ராக்டர்களில், சூட்டைப் பிடித்து வைப்பதற்காகவே ரேடியேட்டருக்கு முன்னால் மறைப்புப் போட்டார்கள். உங்கள் ஊர் வெயிலும் சமதரையும் தெர்மோஸ்டாட்டின் வேலையைச் செய்தன. நுவரெலியா விடியற்காலையில் அதைச் செய்திருக்க முடியுமா?

யாழ்_ஏ40:
சமதரை என்று இளக்காரமாகச் சொல்ல வேண்டாம். அந்த ரோட்டில் ஓடிப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

ஹட்டன்_கராஜ்:
யாழ்ப்பாணத்துக் கார்களை வாங்கி இங்கே கொண்டுவருகிறார்கள். ரேடியேட்டரை வெட்டிப் பார்த்தால் குழாய் முழுக்கச் சுண்ணாம்பு. உங்கள் கிணற்றுத் தண்ணீர் ஊற்றின கார் எதுவும் கினிகத்தேனை தாண்டாது.

யாழ்_ஏ40:
உங்கள் பீலித் தண்ணீரில் சேறும் இலையும் வரவில்லையா? மேட்டில் நின்று கல்லிடுக்கில் கிடக்கிற தண்ணீரை வாளியில் அள்ளி ஊற்றுவது யார்?

லபுக்கலை_மைனர்:
இரண்டும் உண்மை. சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீர் கடினம், சூடானால் ரேடியேட்டர் குழாயிலும் சிலிண்டரைச் சுற்றியும் படியும். அந்தப் படிவு வெப்பத்தைக் கடத்தாது. மலைத் தண்ணீர் மென்மை, ஆனால் சேறு எஞ்சின் பிளாக்கின் அடியில், பின் சிலிண்டர் பக்கம் போய்த் தேங்கும். அங்கே தேங்கினால் முள் காட்டாமலே அந்தச் சிலிண்டர் வேகும். கினிகத்தேனையில் நிற்கிற காரில் முதலில் பார்க்க வேண்டியது இதை. ஹட்டன் கராஜில் இதைப் பார்க்கிறார்களா? பார்ப்பதில்லை. வழியில் சுலபமாகக் கைக்கு வருவது தெர்மோஸ்டாட். கழற்றினால் ஓட்டம் கொஞ்சம் கூடும், பச்சைத் தண்ணீர் ஊற்றினதில் கார் ஆறும், வாடிக்கையாளர் காசு கொடுத்துவிட்டுப் போவார். அடைப்பு அப்படியே இருக்கும்.

ஹட்டன்_கராஜ்:
என் கராஜைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், போன வருடம் நீங்கள் எனக்கு விற்ற ரேடியேட்டரைப் பற்றிப் பேசுவோமா? "கோர் புதிது" என்று சொன்னீர்கள். இரண்டு வரிசைக் குழாய் ஈயம் வைத்து அடைக்கப்பட்டிருந்தது.

லபுக்கலை_மைனர்:
அந்த ரேடியேட்டரை நீங்கள் தண்ணீரில் முக்கி, காற்றடித்துப் பார்த்து வாங்கினீர்கள். இப்போது அதை இழுக்க வேண்டாம்.

மஸ்கெலியா_வோக்ஸ்:
தண்ணீரே இல்லாத காரை வாங்குங்கள், இந்தத் தொல்லையே இல்லை. காற்றால் ஆறுகிற என் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு நிற்காமல் ஏறுகிறது. கொதிக்க அதில் ஒன்றும் இல்லை.

லபுக்கலை_மைனர்:
உங்கள் பீட்டிலிலும் தெர்மோஸ்டாட் இருக்கிறது நண்பரே! சிலிண்டர்களுக்கு அடியில் இருக்கும், காற்று வழியைத் திறந்து மூடுகிற மடல்களை அதுதான் இயக்குகிறது. காற்றடிக்கிற விசிறி டைனமோ தண்டில் இருக்கிறது. பெல்ட் அறுந்தால் சார்ஜும் போச்சு, குளிர்ச்சியும் போச்சு. நுவரெலியா உயரத்தில் காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. அதே விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் குறைந்த எடைக் காற்றைத்தான் தள்ளும். பழைய மாடல்களில் எண்ணெய்க் குளிரூட்டி விசிறிக் கூட்டுக்குள்ளேயே நிற்பதால் மூன்றாம் சிலிண்டருக்குச் சூடான காற்றுத்தான் கிடைக்கிறது. கொதிக்காது என்பது சரி, சூடாகாது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மஸ்கெலியா_வோக்ஸ்:
என் காரில் அந்தத் தெர்மோஸ்டாட்டை முந்தைய சொந்தக்காரரே கழற்றிவிட்டார். நன்றாகத்தான் ஓடுகிறது.

ஹட்டன்_கராஜ்:
பார்த்தீர்களா! கழற்றியிருக்கிறார், ஓடுகிறது.

கொட்டகலை48:
அப்படியானால் ஆரம்ப கால மைனர்? 1948இல் வந்த 918 சி.சி. சைட்வால்வ் எஞ்சினில் பம்பே கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறி ரேடியேட்டருக்குப் போகும், ஆறினது கீழே இறங்கும். தண்ணீர் மெதுவாகப் போனது, அதனால்தான் ஆறியது. நான் சொன்னதும் அதைத்தானே?

லபுக்கலை_மைனர்:
இல்லை, இல்லை! அந்த எஞ்சினுக்குச் சக்தி குறைவு, வெப்பமும் குறைவு. மெதுவாகப் போனதால் ஆறவில்லை, மெதுவாகப் போயும் சமாளித்தது. மேல் குழாயின் வாய்க்குக் கீழே தண்ணீர் இறங்கினால் அந்தச் சுற்றே நின்றுபோகும், உடனே கொதிக்கும். அப்புறம் சக்தி கூடிய 803, 948, 1098 சி.சி. எஞ்சின்களில் பம்பை ஏன் வைத்தார்கள்? மெதுவாகப் போவதுதான் நல்லதென்றால் பம்பு எதற்கு?

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன், இது யாருக்கும் உறைப்பதில்லை. மைனரில் பம்பும் விசிறியும் ஒரே பெல்ட்டில் எஞ்சின் வேகத்தோடு சுற்றுகின்றன. கம்பளையிலிருந்து நுவரெலியா வரை ஏறத்தாழ 1,400 மீட்டர் ஏற்றம். அதில் பெரிய கியரிலேயே முக்கி முக்கி ஏறினால் எஞ்சின் முழுப் பாரத்தில் மெதுவாகச் சுற்றும். வெப்பம் கூடும், விசிறியும் பம்பும் மந்தமாகும். இரண்டாவது கியரில் போட்டுச் சுற்றவிட்டு ஏறினால் முள் தானாக இறங்கும். பொறி அடிக்கும் நேரம், அதாவது இக்னிஷன் டைமிங், பிந்தியிருந்தால் எரிவது நீண்டு, வெப்பம் புகைபோக்கி வாய் வழியாகச் சிலிண்டர் தலைக்குள் இறங்கும். நுவரெலியாவில் நின்று எஸ்.யூ. கார்புரேட்டரை அந்த மெல்லிய காற்றுக்குச் சரி செய்துவிட்டுக் கொழும்புக்கு இறங்கினால் கலவையில் பெட்ரோல் குறைந்து எஞ்சின் வேகும். இத்தனை இருக்கும்போது பழி மட்டும் ஒரு ரூபாய்க்குற்றி அகலத் தகட்டின் மேல்.

பதுளை_சேர்:
கியர் பற்றிச் சொன்னது முக்கியம். மேலே காற்றும் குளிர்ச்சி என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ரேடியேட்டருக்கு அது நல்லது. சிரமம் கடுகண்ணாவை, கினிகத்தேனை போன்ற தாழ்ந்த வெக்கையான ஏற்றங்களில்தான். ஆனால் என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. ஆவியா, முள்ளா?

ஹட்டன்_கராஜ்:
மேட்டில் தெர்மோஸ்டாட் இறுகிவிட்டால் என்ன செய்வீர்கள் அண்ணே? கியர் மாற்றினால் திறக்குமா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

லபுக்கலை_மைனர்:
இறுகாததைப் போட்டுக்கொண்டு கிளம்புவேன். சட்டியில் தண்ணீர் வைத்து, அதில் போட்டுச் சூடாக்கிப் பார்த்தால் எப்போது திறக்கிறது என்று கண்ணால் காணலாம். உங்கள் கராஜில் அடுப்பு இல்லையா? பழைய பெல்லோஸ் வகை கெட்டால் பெரும்பாலும் திறந்தபடி நிற்கும், மெழுகு வகைதான் மூடிக்கொண்டு இறுகும். எந்த வகை என்று பார்த்தீர்களா? பைபாஸ் பற்றி மேலே கேட்டதற்கும் பதில் இல்லை.

ஹட்டன்_கராஜ்:
வகை பார்த்துக்கொண்டிருக்க மேட்டில் நேரம் இல்லை. கழற்றினால் ஓடுகிறது.

கொட்டகலை48:
வேகமாக ஓடினால் ஆறாது. இரண்டு பேருமே ஒத்துக்கொள்ள மாட்டீர்கள்.

யாழ்_ஏ40:
சமதரை என்று சொன்னதற்கு இன்னும் பதில் வரவில்லை.

லபுக்கலை_மைனர்:
அண்ணை, உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன். ஹட்டன், பைபாஸ் பற்றிச் சொல்லுங்கள்.

ஹட்டன்_கராஜ்:
ரேடியேட்டர் பற்றி நீங்கள் சொல்லுங்கள்.