1846 மெக்சிகோப் போர்: நியூசெஸ் ஆற்றங்கரைத் தகராறா, கலிபோர்னியா மீது விழுந்த கண்ணா?

ஏடுபுரட்டி கேட்டது:

வணக்கம். அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கும் மெக்சிகோவுக்கும் 1846 முதல் 1848 வரை நடந்த போரைப் பற்றிச் சில வாரங்களாகப் படித்து வருகிறேன். டெக்சாஸின் தெற்கெல்லை நியூசெஸ் ஆறா, அதற்கும் தெற்கே ஓடும் ரியோ கிராண்டே ஆறா என்ற தகராறுதான் போருக்குக் காரணம் என்று சுருக்கமான வரலாறுகள் பலவற்றில் எழுதியிருக்கிறார்கள். 1846 ஏப்ரல் 25 அன்று அவ்விரு ஆறுகளுக்கும் இடைப்பட்ட நிலத்தில் மெக்சிகோவின் குதிரைப்படை ஓர் அமெரிக்க ரோந்துப் படையைத் தாக்கியது. அமெரிக்க மண்ணில் அமெரிக்க இரத்தம் சிந்தப்பட்டுவிட்டது என்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் போல்க் தம் நாட்டு நாடாளுமன்றமான காங்கிரசுக்கு எழுதினார். மே 13 அன்று போர் அறிவிக்கப்பட்டது. இதுவரை எனக்குப் புரிகிறது. ஆனால் போர் முடிந்தபோது கைமாறியது அந்த ஆற்றிடை நிலம் மட்டுமா? கலிபோர்னியாவும் நெவாடாவும் யூட்டாவும் முழுமையாகப் போயின. அரிசோனா, நியூ மெக்சிகோ ஆகியவற்றின் பெரும்பகுதியும் போயிற்று. தெற்கே தொடங்கிய எல்லைச் சண்டை மேற்கே பசிபிக் கடல் வரை எப்படி நீண்டது? அந்தத் தகராறு உண்மையானதா, வெறும் சாக்கா? இறுதியில் அமெரிக்கா 1.5 கோடி டாலர் கொடுத்தது என்பதால் இதை விற்பனை என்று சொல்வதும் சரியா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வரைபடவிரும்பி எழுதியது:

வணக்கம். தகராறு உண்மையானதுதான், ஆனால் போரை மூட்ட அது சாக்காகப் பயன்பட்டது என்பதே என் முடிவு. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

ஸ்பெயின் ஆண்ட காலத்திலும், 1821இல் மெக்சிகோ விடுதலை பெற்ற பிறகும், டெக்சாஸின் தெற்கெல்லை நியூசெஸ் ஆறாகவே இருந்தது. அதற்குத் தெற்கே இருந்தது தமௌலிபாஸ் மாநிலம். எல்லை ரியோ கிராண்டே என்ற பேச்சு, டெக்சாஸ் மெக்சிகோவிலிருந்து பிரிந்து தனிக் குடியரசான 1836இல்தான் எழுந்தது. சான் ஹசிந்தோவில் தோற்றுச் சிறைப்பட்ட மெக்சிகோவின் தளபதி சாந்தா அன்னா, தன் உயிர் டெக்சாஸ்காரர்களின் கையில் இருந்த நிலையில் வெலாஸ்கோவில் போட்ட கையெழுத்துதான் அதற்கு அடிப்படை. மெக்சிகோ அரசு அதை ஏற்கவே இல்லை. அந்த உரிமையை ஒரு முறை வரைபடத்தில் கோடாக இழுத்துப் பாருங்கள். ஆறு பிறக்கும் மலைகள் வரை அந்தக் கோடு ஏறுகிறது. ஆற்றுக்குக் கிழக்கே இருக்கும் சாந்தா ஃபே நகரமும் டெக்சாஸுக்குள் வந்துவிடுகிறது. நியூ மெக்சிகோவின் தலைநகரான அந்த ஊரை டெக்சாஸ் குடியரசு ஒரு நாள்கூட ஆண்டதில்லை. 1841இல் அங்கே அனுப்பிய படைக்குழுவும் சிறைபிடிக்கப்பட்டது. உரிமை எவ்வளவு பலவீனமானது என்பதைக் காட்ட இது ஒன்றே போதும்.

இனி கலிபோர்னியா. 1842 அக்டோபரில் அமெரிக்கக் கடற்படைத் தளபதி தாமஸ் ஜோன்ஸ், போர் தொடங்கிவிட்டது என்ற தவறான செய்தியை நம்பிப் பெரு நாட்டுக் கடற்கரையிலிருந்து விரைந்து வந்து, கலிபோர்னியாவின் தலைநகரான மான்டரேயைப் பிடித்துத் தம் நாட்டுக் கொடியை ஏற்றினார். போரே இல்லை என்று தெரிந்ததும் கொடியை இறக்கி ஊரைத் திருப்பிக் கொடுத்தார். போர் மூண்டால் முதலில் பிடிக்க வேண்டியது கலிபோர்னியாவின் துறைமுகங்கள் என்பது, உண்மையான போருக்கு நான்கு ஆண்டுகள் முன்பே அந்தக் கடற்படைக்கு மனப்பாடமாகியிருந்தது. 1845 ஜூனில், அதாவது ரியோ கிராண்டே கரையில் ஒரு குண்டுகூட வெடிக்காத காலத்தில், கடற்படைச் செயலர் ஜார்ஜ் பான்க்ராஃப்ட் பசிபிக் படைத் தளபதி ஸ்லோட்டுக்கு ஓர் உத்தரவு அனுப்பினார்: மெக்சிகோ போர் தொடுத்தது என்று உறுதியானால் உடனே சான் பிரான்சிஸ்கோவைக் கைப்பற்ற வேண்டும். அதே ஆண்டுதான் ஜான் ஓசல்லிவன் என்ற இதழாசிரியர் ‘மேனிஃபெஸ்ட் டெஸ்டினி’ என்ற தொடரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். கண்டம் முழுவதும் பரவுவது இறைவன் தங்களுக்கு விதித்த ஊழ் என்பது அதன் பொருள்.

போல்க் முதலில் விலை பேசிப் பார்த்தார் என்பதையும் சொல்ல வேண்டும். 1845 இறுதியில் ஜான் ஸ்லைடல் என்ற தூதரை அனுப்பினார்; கலிபோர்னியாவுக்கு 2.5 கோடி டாலர், நியூ மெக்சிகோவுக்கு 50 லட்சம் டாலர் வரை பேச அவருக்கு அதிகாரம் இருந்தது. மெக்சிகோ அவரைச் சந்திக்க மறுத்தது என்ற செய்தி கிடைத்ததும், 1846 ஜனவரி 13 அன்று தளபதி சக்கரி டெய்லரின் படைக்கு ரியோ கிராண்டே வரை முன்னேற உத்தரவு பிறந்தது. மெக்சிகோவின் மத்தமோரோஸ் நகருக்கு எதிர்க்கரையில், பீரங்கிகள் நகரை நோக்கியிருக்க, அந்தப் படை கோட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்தது. அடி விழும் வரை காத்திருந்தார்கள் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

ஏனென்றால், மே 9 சனிக்கிழமை பகலில் கூடிய அமைச்சரவையில், அந்தத் தாக்குதல் செய்தி வாஷிங்டனுக்கு எட்டுவதற்கு முன்பே, போர் கேட்டுக் காங்கிரசுக்குச் செய்தி அனுப்புவதாக முடிவாகிவிட்டது. ஏதேனும் தாக்குதல் நடக்கும் வரை பொறுக்கலாம் என்றவர் பான்க்ராஃப்ட். அன்று மாலையே டெய்லரின் கடிதம் வந்து சேர்ந்தது. போல்க் தம் நாட்குறிப்பிலேயே இதைப் பதிந்திருக்கிறார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமையில் எழுதிய போர்ச் செய்தி திங்களன்று காங்கிரசுக்குப் போயிற்று. காரணம் மட்டும் மாறியிருந்தது.

சிந்தனைத்துளி எழுதியது:

மேலே எழுதிய நண்பருடன் பெரும்பாலும் உடன்படுகிறேன். இருப்பினும் மெக்சிகோவை வாய்மூடி அடிவாங்கிய நாடாக மட்டும் காட்டினால் கதை பாதிதான் தெரியும். டெக்சாஸில் அமெரிக்கக் குடியேறிகளை அனுமதித்தது மெக்சிகோவேதான். 1829இல் அடிமை முறையை ஒழித்ததும், 1830 ஏப்ரல் 6 சட்டத்தால் புதிய குடியேற்றத்தைத் தடுத்ததும் வெள்ளம் வந்த பிறகு போட்ட அணை. ஸ்லைடலை வரவேற்காததற்கும் ஒரு நியாயம் இருந்தது. டெக்சாஸ் பற்றி மட்டும் பேச ஒரு சிறப்புப் பிரதிநிதியை ஏற்க மெக்சிகோ குடியரசுத் தலைவர் எரேராவின் அரசு சம்மதித்திருந்தது. வந்தவரோ முழுத் தூதர் என்ற பதவியோடு வந்தார். அவரை ஏற்றால் டெக்சாஸை அமெரிக்கா தன்னோடு இணைத்துக்கொண்டதையே ஒப்புக்கொண்டது போலாகும். ஏற்கவில்லை என்றாலும் எரேரா தப்பவில்லை. நாட்டை விலை பேசுகிறார் என்று குற்றம் சாட்டித் தளபதி பரேதஸ் ஆட்சியைப் பறித்தார். அந்தப் பரேதஸ்தான் 1846 ஏப்ரல் 23 அன்று தற்காப்புப் போர் என்று அறிவித்தார். விற்கச் சம்மதிக்கும் எந்த ஆட்சியும் மறுநாள் நிலைக்காது என்ற நிலையில், பணத்தைக் கூட்டிக் கொடுத்து என்ன பயன்?

வடக்கு மாநிலங்களின் கதி இன்னும் துயரமானது. போருக்கு முன்பே பல ஆண்டுகளாகக் கோமான்சே, அப்பாச்சி பழங்குடி வீரர்கள் சிவாவா, துராங்கோ வரை இறங்கிச் சூறையாடினார்கள். பண்ணைகள் பாழாகின, ஊர்கள் காலியாயின. மைய அரசு படை அனுப்பவில்லை என்ற கசப்பில் இருந்த மக்களிடம்தான் டெய்லரின் படையை எதிர்க்கும்படி கேட்டார்கள். தலைநகரிலும் ஒற்றுமை இல்லை. 1847 பிப்ரவரி இறுதியில், அமெரிக்கப் படை மெக்சிகோவின் கிழக்குத் துறைமுகமான வெராகுரூஸில் இறங்கக் கப்பலேறிக்கொண்டிருந்த நேரத்தில், திருச்சபையின் சொத்திலிருந்து போர்ச் செலவைத் திரட்ட முயன்ற அரசை எதிர்த்து மெக்சிகோ நகரத்தின் ஊர்க்காவல் படைகளே கலகம் செய்தன. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

கடைசிபெஞ்ச் எழுதியது:

விற்பனையா என்ற கேள்விக்கு மட்டும் வருகிறேன். இல்லை என்பேன். 1847 மார்ச் 9 அன்று தளபதி வின்ஃபீல்டு ஸ்காட் வெராகுரூஸில் இறங்கினார். செப்டம்பர் 13 அன்று சப்புல்தெபெக் கோட்டை விழுந்தது. அங்கே மாண்ட ஆறு இளம் படைப்பள்ளி மாணவர்களை மெக்சிகோ இன்றும் ‘சிறுவீரர்கள்’ என்று போற்றுகிறது. மறுநாள் தலைநகரே பிடிபட்டது. தலைநகரில் அந்நியப் படை குந்தியிருக்கும்போது நீட்டிய ஒப்பந்தத்தை விற்பனைப் பத்திரம் என்று அழைக்க மனம் ஒப்பவில்லை. விலையும் அப்படித்தான். போருக்கு முன்பு 3 கோடி டாலர் வரை கொடுக்கத் தயாராக இருந்தவர்கள், வென்ற பிறகு 1.5 கோடி டாலரும், மெக்சிகோ தர வேண்டியிருந்த இழப்பீடுகளில் 32.5 லட்சம் டாலர் வரையிலான பொறுப்பும் ஏற்றார்கள். அதற்குக் கிடைத்தது ஏறத்தாழ 5,25,000 சதுர மைல். முன்பே போன டெக்சாஸையும் சேர்த்தால், மெக்சிகோ தன் நிலத்தில் பாதிக்கு மேல் இழந்தது.

ஒப்பந்தத்தைப் பேசி முடித்த அமெரிக்கத் தூதர் நிக்கோலஸ் டிரிஸ்ட் பற்றி ஒரு வார்த்தை. போல்க் அவரைத் திரும்பி வரச் சொல்லிக் கடிதம் அனுப்பியிருந்தார். இன்னும் அதிக நிலம் கேட்க வேண்டும் என்ற எண்ணம் வாஷிங்டனில் வளர்ந்திருந்தது. டிரிஸ்ட் அந்த உத்தரவை மீறி அங்கேயே தங்கி, 1848 பிப்ரவரி 2 அன்று குவாதலூப் இதால்கோவில் கையெழுத்து வாங்கினார். போல்க் அவரைப் பதவி நீக்கினார், ஆனால் அவர் கொண்டுவந்த ஒப்பந்தத்தைச் செனட்டுக்கு அனுப்பினார்; மார்ச் 10 அன்று 38க்கு 14 என்ற வாக்கில் அது நிறைவேறியது. டிரிஸ்டுக்குச் சேர வேண்டிய சம்பளம் 1871இல்தான் கிடைத்தது. இன்னொன்று: கையெழுத்தாவதற்கு 9 நாள் முன்பு, ஜனவரி 24 அன்று, கலிபோர்னியாவில் சட்டரின் மர அறுவை ஆலைக் கால்வாயில் தங்கம் தென்பட்டிருந்தது. மேசையின் இரு பக்கத்தில் இருந்தவர்களுக்கும் அது தெரியாது.

வரைபடவிரும்பி எழுதியது:

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒன்றை விட்டுவிட்டேன். இந்தப் போரை அமெரிக்காவிலேயே பலர் எதிர்த்தார்கள். இரத்தம் சிந்திய இடம் எது என்று காட்டும்படி, இலினாய்ஸிலிருந்து வந்த புதிய உறுப்பினர் ஆபிரகாம் லிங்கன் 1847 டிசம்பரில் தீர்மானங்கள் கொண்டுவந்தார். 1848 ஜனவரி 3 அன்று பிரதிநிதிகள் அவை, இந்தப் போர் தேவையில்லாமலும் அரசமைப்புக்கு மாறாகவும் குடியரசுத் தலைவரால் தொடங்கப்பட்டது என்ற திருத்தத்தை 85க்கு 81 என்று ஏற்றது. எதிர்ப்பின் அடியில் அடிமை முறைச் சிக்கல் இருந்தது. மெக்சிகோ அடிமை முறையை ஒழித்த நிலத்தில் அதை மீண்டும் புகுத்தக்கூடாது என்று 1846 ஆகஸ்டில் உறுப்பினர் டேவிட் வில்மட் முன்மொழிந்தது, பிரதிநிதிகள் அவையில் தேறியும் செனட்டில் தேறவில்லை. முழு மெக்சிகோவையும் விழுங்குவோம் என்ற கூச்சலைத் தெற்கத்திய செனட்டர் ஜான் கால்ஹூன் எதிர்த்ததற்குக் காரணம் நீதியுணர்வு அல்ல. வெள்ளையர் அல்லாத லட்சக்கணக்கானவர்களைக் குடிமக்களாக ஏற்க முடியாது என்றே அவர் வெளிப்படையாக வாதிட்டார்.

ஏடுபுரட்டி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மே 9 அன்று நடந்ததை நான் எங்கும் படித்ததில்லை. இன்னும் ஒன்று கேட்கலாமா? அந்த நிலங்களில் ஏற்கெனவே வாழ்ந்த மெக்சிகோ மக்கள் என்ன ஆனார்கள்?

கடைசிபெஞ்ச் எழுதியது:

ஓராண்டுக்குள் மெக்சிகோ குடியுரிமையைத் தேர்ந்தெடுக்காதவர்கள் அமெரிக்கக் குடிமக்களாவார்கள், அவர்களின் சொத்து காக்கப்படும் என்று ஒப்பந்தம் சொன்னது. ஆனால் மெக்சிகோ அரசு வழங்கிய நில மானியங்களுக்கு உறுதி தந்த பத்தாம் பிரிவைச் செனட் முழுவதுமாக நீக்கிவிட்டது. 1851ஆம் ஆண்டுச் சட்டம் கலிபோர்னியாவில் நிலம் வைத்திருந்தவர்களிடமே அதை நிரூபிக்கச் சொன்னது. தெரியாத மொழியில், தெரியாத சட்டத்தின்படி வழக்காட வேண்டியிருந்தது. உரிமை உறுதியான பிறகும் வழக்குச் செலவுக்காக நிலத்தை விற்றவர்கள் பலர்.

கலிபோர்னியாவின் சோனோமா ஊரில் இருந்த மெக்சிகோ நிலக்கிழார் மரியானோ வயேஹோவின் கதையைப் பாருங்கள். கலிபோர்னியா அமெரிக்காவுடன் சேர்வதே நல்லது என்று கருதியவர் அவர். 1846 ஜூன் 14 விடியற்காலையில் முப்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்கக் குடியேறிகள் ஆயுதங்களோடு வந்து அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். வந்தவர்களுக்கு மது கொடுத்து உபசரித்தார். அவர்கள் அவரைக் கைது செய்து சட்டரின் கோட்டையில் அடைத்து, கரடி உருவம் வரைந்த தங்கள் கொடியை ஏற்றினார்கள். வெளியே வந்த பிறகு 1849இல் மாநில அரசமைப்பை எழுதிய மன்றத்தில் அவரும் உட்கார்ந்தார். பின்னர் அவருடைய சொஸ்கோல் பண்ணைக்கான உரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றமே தள்ளுபடி செய்தது. ஒரு காலத்தில் கலிபோர்னியாவின் மிகப் பெரிய நிலக்கிழார்களில் ஒருவராக இருந்தவர், கடைசிக் காலத்தைச் சோனோமாவில் மிஞ்சிய ஒரு வீட்டிலும் அதைச் சுற்றியிருந்த சிறு நிலத்திலும் கழித்தார்.