ஜெனரேட்டர் ஓடிய இரவில் ஒரு சி60 திரும்பிக்கொண்டது

வெள்ளித்தட்டு:
மூன்று வருடமாக மனதை அரிக்கிறது. ஜோகன்னஸ்பர்க், இரவுப் பணி, வெள்ளிப் பரப்பில் சி60 (அறுபது கார்பன் அணுக்கள் ஐங்கோணமும் அறுகோணமுமாய்க் கோத்த உருண்டை மூலக்கூறு), திரவ நைட்ரஜன், 77 கெல்வின். கருவி, ஊசியால் பரப்பை வருடி மூலக்கூறுகளைப் படமெடுக்கும் டனலிங் நுண்ணோக்கி. மூலக்கூறுகள் கூடி நின்ற தீவின் ஓரத்தில் ஒன்று படத்தில் மூன்று இதழ் காட்டியது; அறுகோணம் மேலே என்று குறித்துக்கொண்டேன். இரண்டு மணிக்கு மின்வெட்டு. யுபிஎஸ் கருவியைத் தாங்கிவிட்டது. வெளியே ஜெனரேட்டர் உறுமியதும் திரையில் கோடுகள் சிதறின, ஊசியைத் தூக்கினேன். மறுபடி இறக்கினால் அதே இடம், அதே அக்கம்பக்கம், இது மட்டும் வளையமாகத் தெரிகிறது. ஐங்கோணம்! 0.7 நானோமீட்டர் உருண்டை புரண்டு படுத்திருந்தது. தானாகப் புரண்டதா, என் ஊசி இடித்ததா?

சாட்ஸ்வொர்த் பேரன்:
அக்கா, ஜெனரேட்டர் மேல் பழி போடாதீர்கள். தங்கத்தில் நான் பார்த்த ஒரு மங்கல் மூலக்கூறு அசையவே இல்லை. அடியில் தங்க அணு விலகிக் குழி விழுந்திருந்தது. குழியில் விழுந்தது எப்படிப் புரளும்? உங்களுடையது ஓரத்தில் இருந்தது, பிடிக்க அண்டை குறைவு. திடப்பொருளாக இருந்தால் சி60 அறை வெப்பத்தில் பம்பரமாய்ச் சுழலும். சுமார் 260 கெல்வினுக்குக் கீழேதான் அடங்கும். உலோகத்தில் அப்படி இல்லை, அது இழுத்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை ஒரே இடத்தை அடுத்தடுத்து இருமுறை படமெடுங்கள். மின்னோட்டத்தைக் குறையுங்கள், ஊசியைத் தள்ளி நிறுத்துங்கள். இரண்டு திசையிலும் வருடிப் பாருங்கள். பத்து மூலக்கூறாவது பார்க்காமல் ஒன்றை நம்பாதீர்கள். குளிர்விப்பான் தொட்டியை நள்ளிரவில் நிரப்பாதீர்கள், அதுவே அதிரும்.

தகரக்கூரை:
தம்பி, அவர் தொட்டி பற்றிக் கேட்கவில்லை! சின்ன வயதில் டர்பனில் தாத்தா வாங்கித் தந்த பந்து, 12 கறுப்பு ஐங்கோணம், 20 வெள்ளை அறுகோணம், சி60 வடிவமேதான். நெளிதகரக் கூரையில் எறிந்தால் எங்கள் காலடிக்கு வராது, பள்ளத்திலேயே ஓடும். அதனால்தான் ‘உருண்டை, ஆகவே உருளும்’ என்று யாராவது சொன்னால் எரிச்சல் வருகிறது. 2005-இல் ரைஸ் பல்கலைக்கழகத்தார் சி60-களைச் சக்கரமாகக் கோத்த மூலக்கூறு கார்களைத் தங்கத்தில் வைத்து, ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸில் ஓட்டினார்கள். நாலு சக்கர வண்டி அச்சுக்குக் குறுக்கே நகர்ந்தது, மூன்று சக்கர வண்டி நின்ற இடத்திலேயே சுற்றியது. வழுக்கியிருந்தால் இந்த வேறுபாடு ஏன்? ஆனால் ஒற்றை உருண்டைக்கு அச்சு எது, சொல்லுங்கள்.

வெள்ளித்தட்டு:
அண்ணா, பந்தை விடுங்கள். இன்று பழைய கோப்பைத் திறந்தேன். பக்கத்து இரண்டு மூலக்கூறுகளின் இதழ்களும் கொஞ்சம் ஒரு பக்கமாக இழுபட்டிருந்தன. அன்று நான் அவற்றைப் பார்க்கவே இல்லை.