ஊர் ஊராய் அலைகிறவனுக்கு டேப்லெட்டா, லேப்டாப்பா?

எல்லோருக்கும் வணக்கம். ரங்கூனில் உளுந்து, துவரை ஏற்றுமதி செய்யும் ஒரு கடையில் கணக்கு பார்க்கிறேன். மாதத்தில் பாதி நாள் பஸ்ஸில்தான்: பீகு, தட்டோன், மோல்மீன். மோல்மீன் மட்டுமே ஏறக்குறைய 300 கிலோமீட்டர்.

கையில் இருப்பது பழைய லேப்டாப். சார்ஜரோடு மூன்று கிலோ கனம், பேட்டரி ஒரு மணி நேரம் தாங்கினால் அதிசயம். போன மாதம் தட்டோனில் கரண்ட் போய்விட்டது. மிச்சக் கணக்கை மெழுகுவத்தி வெளிச்சத்தில் நோட்டில் எழுதினேன். குடோன்காரருக்கு ஒரே சிரிப்பு.

டேப்லெட் வாங்கச் சொல்கிறான் மச்சான். அதிலும் நியாயம் இருக்கிறது. அரைக் கிலோதான், சிம் போடலாம், என்னிடமுள்ள 20,000 எம்ஏஎச் பவர் பேங்கில் ஒரு தடவை முழுசாக நிரப்பினாலும் மிச்சம் இருக்கும். அந்த பவர் பேங்க் 74 வாட் ஹவர். விமானத்தில் 100 வரை கைப்பையில் விடுவார்கள், சென்னைக்குப் போகும்போதும் தொந்தரவில்லை.

ஆனால் என் எக்செல் கணக்கு முழுவதும் மேக்ரோவில், அதாவது வேலையைத் தானாகச் செய்யும் சின்ன நிரல்களில், ஓடுகிறது. ஐபேட், ஆண்ட்ராய்ட் எக்செலில் மேக்ரோ வேலை செய்யாது. அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

மேக்ரோவை விட்டுவிட்டு கூகுள் ஷீட்ஸுக்கு மாறியவர்கள் இருக்கிறீர்களா? நெட் இல்லாத இடத்தில் அது கைகொடுக்கிறதா? இல்லை, டைப்-சி சார்ஜ் ஏறும் சின்ன லேப்டாப்பே மேலா? அப்படியானால் எத்தனை வாட் பவர் பேங்க் வேண்டும்? அப்புறம், ப்ளூடூத் கீபோர்டில் தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்பில் அடிப்பவர்களும் சொல்லுங்கள். அடுத்த வாரம் மறுபடி மோல்மீன் பயணம், அதற்குள் வாங்கியாக வேண்டும்.